குழாய் கேஸ் கட்டணம்: யார் முடிவு செய்கிறார்கள், நம் குரல் எங்கே எடுபடும்?

சமையலறைக்குக் குழாய் வழியாகவே கேஸ் வரும் வசதி தமிழ்நாட்டின் பல நகரங்களில் பரவி வருகிறது. சிலிண்டர் புக் பண்ண வேண்டியதில்லை, பாதிச் சமையலில் தீர்ந்துபோகுமோ என்ற கவலையும் இல்லை. கரண்ட் மாதிரியே மீட்டர் ஓடும், பில் போனுக்கு வரும். அந்த பில்லைப் பார்த்ததும் பலர் கேட்கும் கேள்வி: "இந்த ரேட்டை யாருங்க முடிவு பண்றது?"

மின்சாரத்துக்குப் பதில் எளிது. வீட்டுக்கு யூனிட் எவ்வளவு என்பதைத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. 2022-ல் கட்டணத்தை மாற்றும் முன் சென்னை, கோவை, மதுரையில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. பொதுமக்கள் நேரில் வந்து பேசினார்கள். கேஸுக்கும் இதே மாதிரி ஒரு வாரியம் இருக்கிறது. ஆனால் அதன் அதிகாரம் பில்லின் ஒரு பகுதிக்கு மட்டும்தான் எட்டும். எந்தப் பகுதி என்று தெரிந்துகொண்டால், எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரிந்துவிடும்.

கேஸ் நம் வீட்டுக்கு வரும் வழி

ஒட்டன்சத்திரத்துத் தக்காளி கோயம்பேடு வந்து, அங்கிருந்து நம் தெருக் கடைக்கு வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் நாம் கொடுக்கும் விலையில் மூன்று அடக்கம்: தோட்டத்து விலை, லாரி வாடகை, கடைக்காரரின் செலவும் லாபமும். கேஸுக்கும் இதே மூன்று கட்டங்கள்தான்.

முதல் கட்டம், கேஸ் கிடைக்கும் இடம். நம் மாநிலத்தில் காவிரிப் படுகையில் கேஸ் எடுக்கப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து திரவமாகக் குளிர்வித்துக் கப்பலில் வரும் கேஸை மீண்டும் வாயுவாக்கும் முனையம் எண்ணூரில் 2019-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் திறன் ஆண்டுக்கு 50 லட்சம் டன்.

இரண்டாம் கட்டம், நெடுந்தூரக் குழாய். எண்ணூரில் தொடங்கி திருவள்ளூர், பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி எனப் பல ஊர்களை இணைக்கும் வகையில் ஒரு குழாய்த் திட்டம் வகுக்கப்பட்டது. அதில் ராமநாதபுரம் - தூத்துக்குடி இடையிலான 143 கிலோமீட்டர் பகுதி 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தக்காளிக்கு லாரி எப்படியோ, கேஸுக்கு இந்தக் குழாய் அப்படி.

மூன்றாம் கட்டம், நகர எரிவாயு விநியோகம். நெடுந்தூரக் குழாயிலிருந்து கேஸை வாங்கி, அழுத்தத்தைக் குறைத்து, தெருத் தெருவாகக் குழாய் பதித்து வீடு, ஹோட்டல், தொழிற்சாலை, சிஎன்ஜி பங்க் வரை கொண்டுவருவது இந்த நிறுவனங்களின் வேலை. உங்களுக்கு பில் அனுப்புவதும் இவர்களே.

வாரியத்தின் கை எட்டும் இடம்

இந்தத் துறையைக் கவனிப்பது பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். சுருக்கமாக பிஎன்ஜிஆர்பி. 2006-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 2007-ல் அமைக்கப்பட்டது. தலைமையகம் டெல்லியில். மாநில அரசின் கீழ் வரும் அமைப்பு அல்ல.

இந்த வாரியம் முக்கியமாக நிர்ணயிப்பது 'லாரி வாடகையை', அதாவது நெடுந்தூரக் குழாயில் கேஸைக் கொண்டுசெல்லும் கட்டணத்தை. இதைத்தான் போக்குவரத்துக் கட்டணம் என்கிறார்கள்.

எதற்கு ஒரு வாரியம், சந்தையே முடிவு செய்யட்டுமே என்று தோன்றலாம். லாரி என்றால் ஒருவர் வாடகை அதிகம் கேட்டால் அடுத்தவரைக் கூப்பிடலாம். குழாய் அப்படி இல்லை. ஒரு வழித்தடத்தில் ஒரு குழாய்தான் இருக்கும்; பக்கத்திலேயே இன்னொன்று பதிக்கக் கோடிக்கணக்கில் செலவாகும். போட்டி இல்லாத இடத்தில் வாடகை நியாயமாக இருக்க வேண்டுமானால், வெளியிலிருந்து ஒருவர் கணக்குப் பார்க்க வேண்டும்.

கட்டணக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

குழாய் நிறுவனமும் வாரியமும் எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசுவதில்லை. 2008-ல் வெளியிட்ட கட்டண விதிமுறைகளும் பின்னர் வந்த திருத்தங்களும் கணக்கு முறையை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. நிறுவனம் ஆவணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். அதில் முக்கியமாக மூன்று விவரங்கள்:

1. குழாய் பதிக்க ஆன முதலீடு, இனி ஆகப்போகும் முதலீடு.
2. ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்பு, இயக்கச் செலவு.
3. குழாயின் திறன், அதில் ஓடும் கேஸின் அளவு.

போட்ட முதலீட்டுக்கு வரி போக 12 சதவீத வருமானம் கிடைக்கும் அளவுக்குக் கட்டணம் அமைய வேண்டும் என்பது விதி. குழாயின் ஆயுள்காலம் முழுவதற்கும் வரவு செலவை வரிசைப்படுத்திப் பார்த்து, அந்த 12 சதவீதம் கிடைக்க ஒரு அலகு கேஸுக்கு எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்த 12 சதவீதம் ஏற்கெனவே முடிவான எண். அதனால் அதில் வாதம் குறைவு. உண்மையான இழுபறி மற்ற எண்களில்தான். ஒரு எளிய கற்பனைக் கணக்கைப் பாருங்கள். ஒரு குழாய்க்கு ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் வருமானம் தேவை. அதில் ஆண்டுக்கு 2 கோடி அலகு கேஸ் ஓடினால் அலகுக்கு 50 ரூபாய் வாங்கினால் போதும். 1 கோடி அலகுதான் ஓடுகிறது என்றால் 100 ரூபாய் வாங்க வேண்டும். குழாய் அதேதான், செலவும் அதேதான். ஓடும் அளவு பாதியானதும் கட்டணம் இரட்டிப்பாகிவிட்டது.

அப்போ குழாய் காலியாகக் கிடந்தால் அந்தச் சுமை யாருக்கு? முழுவதும் வாடிக்கையாளர் தலையில் விழுந்தால், தேவையை மிகையாகக் கணித்துப் பெரிய குழாய் போட்ட நிறுவனத்துக்கு எந்த நஷ்டமும் இல்லாமல் போகும். முழுவதும் நிறுவனத்தின் தலையில் போட்டால், தேவை இன்னும் வளராத பகுதிக்குக் குழாய் போட யாரும் முன்வர மாட்டார்கள். இதனால்தான் நிறுவனம் சொல்லும் அளவை வாரியம் அப்படியே ஏற்பதில்லை. கணக்கில் குறைந்தது எவ்வளவு கேஸ் ஓடியதாகக் கொள்ள வேண்டும் என்பதை விதிமுறைகளே சொல்கின்றன.

செலவுக் கணக்கிலும் இதே கண்டிப்பு உண்டு. குழாய்க்குச் சம்பந்தமில்லாத கட்டடம், அளவுக்கு மீறிய செலவு என்று தெரிந்தால் வாரியம் நீக்கிவிடலாம். கேஸை அழுத்தித் தள்ளும் இயந்திரங்களை ஓட்டவே கொஞ்சம் கேஸ் எரிகிறது. அதன் விலையும் கட்டணத்தில் சேரும். அதை அன்றன்றைய சந்தை விலையில் வாங்கினால் செலவு ஏறும் இறங்கும். ஆகவே ஆண்டுத் தேவையில் குறைந்தது 75 சதவீதத்தை நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்க வேண்டும் என்று 2025 ஜூலையில் வந்த திருத்தம் சொல்கிறது.

விண்ணப்பம் வந்ததும் வாரியம் ஒரு பொதுக் கலந்தாய்வு ஆவணத்தைத் தன் இணையதளத்தில் வெளியிடும். குழாயைப் பயன்படுத்தும் நிறுவனங்கள், தொழிற்சாலைகள், பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் கெடுவுக்குள் கருத்து அனுப்பலாம். குழாய் நிறுவனம் அவற்றுக்குப் பதில் சொல்லும். திறந்த விவாதக் கூட்டமும் நடக்கும். அதன்பின் காரணங்களோடு கட்டண ஆணை வரும். பிறகு குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுஆய்வு. ஆணையில் திருப்தி இல்லாதவர்கள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எரிவாயு வழக்குகளையும் அதுவே விசாரிக்கிறது. அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம்.

தூரம் கூடினால் கட்டணமும் கூடுமா?

முன்பெல்லாம் அப்படித்தான். கேஸ் மூன்று குழாய்களைக் கடந்து வந்தால் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். இறக்குமதி முனையமோ எரிவாயு வயலோ பக்கத்தில் இருக்கும் ஊருக்கு மலிவு. உள்நாட்டில் தூரத்தில் இருக்கும் ஊருக்கு விலை அதிகம்.

இதை மாற்றி 2023 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த கட்டணம் நடைமுறைக்கு வந்தது. தேசியக் குழாய் வலையமைப்பில் இணைந்த குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக எடுத்துக்கொண்டு கட்டணம் கணக்கிடப்பட்டது. தொடக்கத்தில் சராசரி ஒரு எம்எம்பிடியு-வுக்கு ரூ.73.93. 300 கிலோமீட்டர் வரை, 300 முதல் 1,200 வரை, அதற்கு மேல் என மூன்று மண்டலங்கள். கூடுதலாக வசூலாகும் நிறுவனம், குறைவாக வசூலாகும் நிறுவனத்துக்குத் தொகையைப் பகிர்ந்து தர வேண்டும். தங்களுக்குள் போட்டியிடும் நிறுவனங்கள் மாதாமாதம் ஒன்றாகக் கணக்கு முடிக்கும் ஏற்பாடு இது.

2026 ஜனவரி 1 முதல் மூன்று மண்டலங்கள் இரண்டாகக் குறைக்கப்பட்டன. கூடவே ஒரு முக்கியச் சலுகை: வீட்டுச் சமையலுக்கும் வாகன சிஎன்ஜி-க்கும் போகும் கேஸுக்கு, எவ்வளவு தூரம் வந்தாலும் முதல் மண்டலக் கட்டணம் மட்டுமே. அது எம்எம்பிடியு-வுக்கு ரூ.54. முந்தைய முறையில் தூரத்து மண்டலங்களில் இதுவே சுமார் 80 ரூபாயும் 107 ரூபாயுமாக இருந்தது.

எம்எம்பிடியு என்பது வெப்பத்தின் அலகு. நம் வீட்டு மீட்டர் காட்டுவது கன மீட்டர். ஒரு எம்எம்பிடியு ஏறத்தாழ 26 கன மீட்டர் கேஸுக்குச் சமம். அப்படியானால் 54 ரூபாய் என்பது கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 ரூபாய். 107 ரூபாய் என்பது ஏறத்தாழ 4 ரூபாய். மாதம் 15 கன மீட்டர் எரிக்கும் குடும்பத்துக்குப் பழைய மூன்றாம் மண்டலத்தோடு ஒப்பிட்டால் சுமார் 30 ரூபாய் வித்தியாசம் வர வேண்டும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, தேசிய வலையமைப்பில் இணையாத குழாய்க்குத் தனிக் கட்டணம்; உங்கள் பகுதிக்கு வரும் குழாய் பட்டியலில் உள்ளதா என்பதை வாரிய இணையதளத்தில் பார்க்கலாம். இரண்டு, 'வர வேண்டும்' என்று சொன்னோமே தவிர 'வரும்' என்று சொல்லவில்லை. அது ஏன் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும்.

டெல்லி வழக்கு சொன்ன பாடம்

டெல்லியில் வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் கேஸ் விற்கும் நிறுவனம் இந்திரபிரஸ்தா கேஸ் லிமிடெட். நகருக்குள் உள்ள குழாய் வலையமைப்புக்கு எம்எம்பிடியு-வுக்கு ரூ.104.05 என்றும், சிஎன்ஜி-யை அழுத்தி நிரப்பக் கிலோவுக்கு ரூ.6.66 என்றும் அது கணக்குக் காட்டியது. வாரியம் ஆய்வு செய்து 2012 ஏப்ரலில் அவற்றை முறையே ரூ.38.58, ரூ.2.75 எனக் குறைத்தது. அதுவும் 2008 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு.

நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2012 ஜூனில் வாரியத்தின் ஆணை ரத்தானது. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. காரணம் இதுதான்: சட்டம் வாரியத்துக்குக் கொடுத்தது போக்குவரத்துக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம். ஒருவர் குழாயில் இன்னொருவர் கேஸ் போகும்போதுதான் அந்தக் கட்டணம் பொருந்தும். தன் குழாயில் தன் கேஸைத் தானே விற்கும் நிறுவனத்தின் சில்லறை விலையை நிர்ணயிக்கும் அதிகாரம் அந்தச் சட்டத்தில் இல்லை.

தக்காளிக் கணக்கில் சொன்னால், லாரி வாடகைக்கு உச்சவரம்பு உண்டு. கடை விலைக்கு இல்லை. லாரி வாடகை குறைந்தால் கடைக்காரர் விலையைக் குறைப்பார் என்று எதிர்பார்க்கலாம், வாரியமும் வலியுறுத்தலாம். ஆனால் மின்கட்டணம் போல "இதற்கு மேல் வாங்காதே" என்று சில்லறை விலைக்கு ஆணை போட முடியாது.

அப்போ நகர நிறுவனத்துக்குக் கடிவாளமே இல்லையா?

இருக்கிறது, வேறு வடிவத்தில். நகர விநியோக உரிமை ஏலத்தில் கொடுக்கப்படுகிறது. கோவை, சேலம் போன்ற பகுதிகள் 2018-ல் நடந்த ஒன்பதாவது சுற்றில் கொடுக்கப்பட்டன. அந்தச் சுற்றில் மொத்த மதிப்பெண்ணில் பாதி, எத்தனை வீடுகளுக்கு இணைப்புத் தருகிறோம் என்ற உறுதிமொழிக்கு. 20 சதவீதம் சிஎன்ஜி நிலையங்களுக்கு, 10 சதவீதம் பதிக்கும் குழாயின் அளவுக்கு. வலையமைப்பு, சிஎன்ஜி ஆகியவற்றின் போக்குவரத்துக் கட்டணங்களுக்குத் தலா 10 சதவீதம்தான். விலையைவிட வேகமாக இணைப்புகள் கிடைப்பதற்கே முன்னுரிமை தரப்பட்டது என்பது இதிலிருந்து புரியும்.

இப்படி உரிமை பெற்ற நிறுவனம் அந்தப் பகுதியில் 8 ஆண்டுகள் தனி விற்பனையாளராக இருக்கலாம். நிபந்தனைகளை நிறைவேற்றினால் மேலும் 2 ஆண்டுகள் வரை நீட்டிப்பு கிடைக்கலாம். அதன்பின் அந்தக் குழாய் 'பொதுவழி'யாக அறிவிக்கப்பட்டால், வேறு நிறுவனம் அதே குழாயில் கேஸ் அனுப்பி நமக்கு விற்க முடியும். அப்போது அது கொடுக்க வேண்டிய வாடகை, ஏலத்தில் சொன்ன போக்குவரத்துக் கட்டணம். சிம் கார்டை மாற்றுவது போல கேஸ் கம்பெனியை மாற்றும் வாய்ப்பு அங்கேதான் பிறக்கும். 2018, 2019-ல் உரிமை பெற்ற பகுதிகளுக்கு இந்தக் கெடு நெருங்கும் காலம் இது. பொதுவழி அறிவிப்பு குறித்து வாரியம் கருத்துக் கேட்டால், சாதாரண வீட்டு வாடிக்கையாளருக்கும் அதில் நேரடி அக்கறை இருக்கிறது.

எந்தக் குறைக்கு எந்தக் கதவு?

பில்லில் தவறு, மீட்டர் கோளாறு, இணைப்பில் தாமதம்: முதலில் கேஸ் நிறுவனத்தின் ஆப் அல்லது வாடிக்கையாளர் மையத்தில் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இத்தகைய தனிநபர் நுகர்வோர் புகார்களை பிஎன்ஜிஆர்பி எடுத்துக்கொள்ளாது. அவை நுகர்வோர் ஆணையத்துக்கே போக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

நெடுந்தூரக் குழாய்க் கட்டணம், விதிமுறைத் திருத்தம், பொதுவழி அறிவிப்பு: பிஎன்ஜிஆர்பி-யின் பொதுக் கலந்தாய்வு.

உள்நாட்டு கேஸின் விலை: இது மத்திய அரசின் கொள்கை. 2023 ஏப்ரல் முதல், அரசு நிறுவனங்களின் பழைய வயல்களில் எடுக்கும் கேஸின் விலை, இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் மாதச் சராசரி விலையில் 10 சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. மேலே ஒரு உச்சவரம்பும் உண்டு. மாதந்தோறும் புதிய விலை அறிவிக்கப்படும்.

வரி: இயற்கை எரிவாயு இன்னும் ஜிஎஸ்டி-க்குள் வரவில்லை. வாட் வரி மாநில அரசுக்கு உரியது.

போனிலிருந்தே கருத்து அனுப்பலாம்

1. பிஎன்ஜிஆர்பி இணையதளத்தில் பொது அறிவிப்புகள் பகுதியைத் திறந்து, கலந்தாய்வு ஆவணம் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பகுதிக்கு வரும் குழாயின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டால் தேடுவது சுலபம்.

2. கடைசித் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்து அனுப்பும் கருத்து எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் கணக்கில் வராமல் போகலாம்.

3. ஆவணத்தில் மூன்று எண்களை மட்டும் தேடுங்கள்: நிறுவனம் கேட்கும் கட்டணம், காட்டும் முதலீடு, ஓடும் என்று சொல்லும் கேஸின் அளவு. முந்தைய ஆணையில் இருந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

4. "விலை அதிகம், குறையுங்கள்" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. "பக்கம் இத்தனையில் கேஸ் அளவு சென்ற முறையைவிடக் குறைவாகக் காட்டப்பட்டுள்ளது. எங்கள் பகுதியில் புதிய இணைப்புகள் கூடிவரும்போது அளவு எப்படிக் குறையும்?" என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். இது நல்ல கேள்விக்கு ஓர் உதாரணம் மட்டுமே. உங்கள் ஊர் நிலவரத்தை வைத்து எழுதுங்கள்.

5. தனியாக எழுதத் தயக்கமா? குடியிருப்போர் நலச் சங்கம், ஆட்டோ ஓட்டுநர் சங்கம், ஹோட்டல் உரிமையாளர் சங்கம் மூலம் சேர்ந்து அனுப்புங்கள்.

இந்தக் கலந்தாய்வுகளில் பெரும்பாலும் பேசுவது உர ஆலைகளும் மின் நிலையங்களும் கேஸ் விற்கும் நிறுவனங்களும்தான். அவர்களிடம் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டு அடுப்புக்காகவும் ஆட்டோ டேங்குக்காகவும் பேசும் கடிதங்கள் குறைவு. கெடுவுக்குள் வந்த கருத்தைப் பதிவு செய்ய வேண்டியது வாரியத்தின் கடமை. அதனால் அடுத்த அறிவிப்பு வரும்போது, பில்லை ஃபார்வர்ட் பண்ணிப் புலம்புவதற்கு முன்னால் அந்த ஆவணத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.